மேசை நிறைய ஆட்டம், ஆடத்தான் இடமில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. ஜன்னலோரம் நாலடிக்கு இரண்டடியில் ஒரு மேசை. அதில்தான் ஆட்டத்தில் காயாக வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். போர்டு கேம் ஆடுவதும் அதே மேசையில்தான், அதாவது ஆடினால். போன வருடம் எட்டு மாதம் அந்த மேசையின் மரத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஒருவழியாக அதைக் காலி செய்து, தேங்கிக் கிடந்த ஆட்டங்களையும் ஆட ஆரம்பித்த பிறகு நண்பர்கள் மாற்றி மாற்றி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இங்கே.

மேசை எப்படி இந்த நிலைக்கு வருகிறது?

சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மேசையில் கிடந்ததை எடுத்துப் பார்த்தபோது குப்பை என்று சொல்லத்தக்கது ஒரு கைப்பிடிதான் இருந்தது. மற்றதெல்லாம் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டவை. கை ஒட்டாத போர்வீரன் ஒருவன் (ஒட்டுவதா, தூக்கிப் போடுவதா?), மூடி இறுகிப்போன நீல பெயிண்ட் (உயிரோடு இருக்கிறதா?), எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று தெரியாத மஞ்சள் மரக்காய் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. ஐம்பது கேள்விகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்ள யாருக்கும் தெம்பு இருக்காது; அதனால்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேசையிலிருந்து வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை எந்த ஆட்டம் ஆடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து. ஆளைக் கூப்பிட்டுச் சொல்லியும் விடுங்கள்.

இது நான் மூன்று முறை தோற்ற பிறகு கண்டது. முதல் மூன்று முறையும் ‘எல்லாவற்றையும் வகைப்படுத்திவிட்டு நிம்மதியாக ஆடலாம்’ என்று உட்கார்ந்தேன். பெயிண்டுகளை நிற வரிசையில் அடுக்கவே ஒரு முழு நாள் போனது. அடுத்த வாரம் பழையபடி ஆனது. நான்காவது முறை, ஞாயிறு மாலை நாலு மணிக்கு இரண்டு பேர் வருவதாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் கேள்வியே மாறிவிட்டது: நாலு மணிக்குள் இந்த மேசை காலியாக வேண்டும், எதை எங்கே வைப்பது?

செய்முறை இதுதான். பழைய பெட்ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, மேசையில் உள்ள அத்தனையையும் அதில் இறக்குங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு, இப்போது கையில் இருக்கும் ஒரே ஒரு வேலைக்கு வேண்டியதை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். நான் பயன்படுத்துவது கல்யாண வீட்டில் கொடுத்த எவர்சில்வர் தாம்பாளம். ஐந்து பொம்மை, அவற்றுக்கு வேண்டிய ஆறு பெயிண்ட், இரண்டு பிரஷ், அவ்வளவுதான். ஆட்டம் வரும்போது தாம்பாளத்தை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்தால் மேசை காலி. பெட்ஷீட்டில் மிச்சம் இருப்பதை மூலை சேர்த்துக் கட்டி ஓரமாக வையுங்கள். ஒரு மாதத்துக்குள் அந்த மூட்டையிலிருந்து எதை எடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் மேசையில் நிரந்தர இடம் கொடுக்கலாம்.

இதற்கென்று நல்ல நாள் ஏதாவது உண்டா?

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டறையில் ஸ்பேனரைத் துடைத்து வைக்கிறார்கள், டிரைவர் வண்டியைக் கழுவுகிறார். நம்மிடமும் கத்தி, கட்டர், பிரஷ் எல்லாம் இருக்கிறதே. எங்கள் வீட்டில் இப்போது கட்டிங் மேட்டுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பிரஷ் முடியில் மட்டும் வைக்க விடாதீர்கள். அன்று கருவிகளைத் தொடக்கூடாது என்பதால் ஒரு நாளாவது மேசை சுத்தமாகவே இருக்கும்.

போகியும் நல்ல நாள்தான். ஆனால் தூக்கிப்போடும் வேகத்தில் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தையும் பழைய பேப்பரோடு போட்டவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன்.

பெயிண்ட் காய்ந்துவிட்டது. மீட்க முடியுமா?

பொம்மைகளுக்கு நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் அக்ரிலிக். தண்ணீர் ஆவியானதும் அதில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அந்தப் படலம் மறுபடியும் தண்ணீரில் கரையாது. ஆகவே ரப்பர் மாதிரி இழுபட்டால் முடிந்தது கதை, மனதைத் தேற்றிக்கொண்டு எறிந்துவிடுங்கள். இட்லி மாவு பதத்துக்கு இறுகியிருந்தால் மட்டும் சில சொட்டுத் தண்ணீரோ அக்ரிலிக் மீடியமோ (நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) விட்டு, ஒரு நாள் ஊறவைத்துக் குலுக்கிப் பாருங்கள். புளித்த வாடை வந்தால் அதையும் எறியுங்கள்.

மூடிதான் பெரிய குற்றவாளி. சிட்டாடல் பெயிண்டுகள் வருகிற 12 மில்லி டப்பாவில், விளிம்பில் பெயிண்ட் காய்ந்து பொருக்குத் தட்டினால் மூடி சரியாகப் பொருந்தாது. அந்த மயிரிழை இடைவெளி வழியாக ஆறே மாதத்தில் டப்பா காலி. மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் விளிம்பைச் சுரண்டிவிட்டால் போதும். வயெஹோ மாதிரி சொட்டு பாட்டிலில் வருபவை இன்னும் நீண்ட நாள் தாங்கும், மூக்கு அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்த வேண்டும், அவ்வளவே.

குலுக்கும்போது நன்றாகக் கலப்பதற்காகப் பாட்டிலுக்குள் சிறு உருண்டை போடுவார்கள். நான் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பேரிங் பால்ஸைப் போட்டேன். மூன்று மாதம் கழித்து என் வெள்ளை பெயிண்ட் டிகிரி காபி நிறத்தில் வந்தது. சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு உருண்டையோ கண்ணாடி மணியோதான் போட வேண்டும்.

சூப்பர் க்ளூ ஒவ்வொரு முறையும் ட்யூபுக்குள்ளேயே இறுகிவிடுகிறதே?

அந்தப் பசை இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால்தான். சென்னைக் காற்று அதற்கு விருந்து. காற்றுப் புகாத டப்பாவில், மருந்து பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது.

ஒட்டும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா? க்ளூவை விட்டு அதன் மேல் ஒரு சிட்டிகை ஆப்பசோடா தூவுங்கள், அந்த நொடியே கல்லாகிவிடும். சூடும் நெடியும் வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வராமல் ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்து வந்தால் குடும்ப அமைதிக்கு நல்லது.

பிரஷ்?

தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிற்க விடாதீர்கள். முடி வளைந்துவிடும், முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்க்குள் தண்ணீர் ஏறி கைப்பிடி உப்பிவிடும். குளியல் சோப்பில் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். விரிந்துபோன பிரஷை எறிய வேண்டாம், பசை தடவவும் தூசி தட்டவும் ஆகும்.

பாதி வண்ணம் தீட்டிய பொம்மைகள் முப்பது கிடக்கின்றன. என்ன செய்வது?

முப்பதையும் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மேசைக்கு வரப்போவது எத்தனை? ஐந்து. அந்த ஐந்தை மட்டும் எடுங்கள். உடல், துணி, ஆயுதம் என்று மூன்றே நிறம், மேலே நீர்த்த பழுப்பு ஒரு பூச்சு, அடித்தட்டுக்கு மணல் நிறம். ஆடுகிற தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணின் கருவிழியை நீங்கள் தீட்டினீர்களா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. கருவிழி தீட்டப் போய்த்தான் என் ராணுவம் இரண்டு வருடம் குருடாக நின்றது.

மிச்ச இருபத்தைந்தைக் கொலு பொம்மை மாதிரி கட்டி வையுங்கள். அம்மா ஒவ்வொரு வருடமும் மரப்பாச்சியையும் தசாவதாரத்தையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியின் மேல் எந்த செட் என்று எழுதி வைப்பாள். மூக்கு உடைந்த பொம்மை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதை உடைத்ததும் நான்தான். ஸ்பாஞ்ச் வெட்டிய விலையுயர்ந்த பெட்டிகளை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். முடித்த பொம்மைகளை வைக்கவும் சின்னப் படிக்கட்டு ஒன்று செய்துகொண்டால் பின்வரிசையில் நிற்பதும் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்துருண்டை. துணிமணிக்குப் போடுகிற பழக்கத்தில் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். நாஃப்தலீன் ஆவி, பொம்மைகள் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மணல் மணலாக வருகிறது. ஏன்?

காற்றில் ஈரம் அதிகம், அல்லது வெயில் அதிகம். இரண்டும் நம்மிடம் தாராளம். மழைக்காலத்தில் பூச்சு பூத்து வெளுத்துவிடும். மே மாதத்தில் தெளிக்கும் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். விடியற்காலை குளுமையாக இருக்கிறதே என்று மாடிக்குப் போகாதீர்கள், ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை, பிரஷால் பூசும் பிரைமர்தான்.

மழைக்காலத்தில் போர்டு அட்டை வளைகிறது, பெட்டியில் பூச்சியும் வருகிறது.

அட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் வளையும். வளைந்ததைத் திருப்பிப் போட்டு மேலே கனமான புத்தகங்களை இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். இஸ்திரிப் பெட்டி எடுக்க வேண்டாம், ஒட்டுக் காகிதம் பிய்ந்துவிடும். பெட்டிகளை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் காகிதத்தைவிடப் பசை பிடிக்கும். பெட்டியின் ஓரங்களைத்தான் முதலில் அரிக்கும். எடுத்து ஆடுகிற பெட்டியில் அது குடியேறுவதில்லை என்பது என் அனுபவம்.

ஆயிரம் சின்னக் காய்கள். எப்படிப் பிரித்து வைப்பது?

பாரிமுனைப் பக்கம் போனால் நகை வைக்கும் ஜிப் கவர் நூறு நூறாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கவர் என்று போடுங்கள்; காய் வகைக்கு ஒரு கவர் என்று போடாதீர்கள். இந்த ஒரு மாற்றம் ஆட்டத்தை விரிக்கும் நேரத்தைப் பாதியாக்கும். ஊர்களை ரயில் பாதையால் இணைக்கும் ‘டிக்கெட் டு ரைட்’ பெட்டியில் ஐந்து நிறத்தில் ஆளுக்கு 45 ரயில் பெட்டி. நிறத்துக்கு ஒரு கவர் என்றால் வந்தவர் கையில் கவரைக் கொடுத்ததும் ஆட்டம் தயார். (அந்த ஆட்டத்துக்கு 2011இல் வந்த இந்திய வரைபடமும் உண்டு. இரண்டு ஊர்களை இரண்டு தனித்தனிப் பாதையால் இணைத்தால் கூடுதல் புள்ளி. ரயில் கிடைக்காமல் சுற்றிப் போன அனுபவமுள்ள நமக்கு இயல்பாக வரும்.)

உலகெங்கும் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து தடுக்கும் ‘பாண்டமிக்’கில் நோய்க் கட்டைகள் நிறத்துக்கு 24 வீதம் 96. இவற்றுக்குக் கவர் வேண்டாம், நாலு சட்னிக் கிண்ணம். ஆட்டம் முழுக்க அதிலேயே எடுத்து அதிலேயே போடலாம். அந்தப் போர்டில் உள்ள 48 ஊர்களில் சென்னையும் ஒன்று, கறுப்பு நிறத்தில். எங்கள் வீட்டில் எந்த ஊர் அழிந்தாலும் சென்னையை மட்டும் காப்பாற்றிவிடுவோம், அதனாலேயே பாதி ஆட்டத்தில் தோற்றிருக்கிறோம்.

காய் ஒன்று தொலைந்தால்? முதலில் சோபா இடுக்கு. அப்புறம் வேறு ஆட்டப் பெட்டிகள். அப்புறம் வெளியீட்டாளருக்கு எழுதிப் பார்க்கலாம், பலர் மாற்றுக் காய் அனுப்புவார்கள். அதுவரை ஒரு சோழி போதும்.

வாங்கி ஆடாமல் பதினேழு ஆட்டங்கள் இருக்கின்றன. எதை முதலில் ஆடுவது?

விலை அதிகமானதை எடுக்கத்தான் கை போகும், காசு வீணாகிறதே என்று. அதைக் கடைசியில் வையுங்கள். விட்டுப்போன பழக்கத்தை மறுபடி பிடிக்க, விரிக்க ஐந்து நிமிடமும் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடமும் ஆகிற ஆட்டம்தான் வேண்டும். போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்துக்கு எவ்வளவு ‘கனம்’ (அதாவது எவ்வளவு சிக்கலானது) என்று ஆடியவர்களே மதிப்பிட்டிருப்பார்கள். முதல் மாதம் இரண்டுக்குக் கீழே இருப்பவை மட்டும்.

என் முதல் ஞாயிறு ‘அசுல்’. 2018இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் ஆட்டம்) விருது வாங்கியது. நூறு ஓடுகள் ஒரு துணிப்பையில். தட்டுக்கு நாலாகப் போட்டால் ஆட்டம் ஆரம்பம். வந்தவர்களில் ஒருவர் போர்டு கேமே ஆடாதவர். இரண்டாவது சுற்றிலேயே எனக்குத் தேவையான நீல ஓடுகளை, தனக்குத் தேவையில்லாமல், வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். அப்போதே தெரிந்தது, அடுத்த வாரமும் வருவார் என்று.

இரண்டாவது ‘தி க்ரூ’. எல்லோரும் சேர்ந்து ஆடும் சீட்டாட்டம், ஒரு பணி சில நிமிடத்தில் முடியும், மொத்தம் 50 பணி. ‘முந்நூற்று நாலு’ சீட்டாட்டம் ஆடியவர்களுக்குத் துருப்பு என்ன என்று விளக்க வேண்டாம். சிரமம் வேறு இடத்தில்: கூட்டாளியிடம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடாது. கண்ணைச் சிமிட்டியும் காட்டக்கூடாது. அதற்குத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறினார்கள்.

விதிகள் மறந்துபோய்விட்டன. மறுபடி புத்தகம் படிக்கச் சலிப்பாக இருக்கிறது.

படிக்காதீர்கள். தனியாக இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே மூன்று சுற்று ஆடிப் பாருங்கள், சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள். அந்தச் சந்தேகங்களை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். என் ‘காட்டான்’ பெட்டியில் ‘ஏழு விழுந்தால்: எட்டும் அதற்கு மேலும் சீட்டு வைத்திருப்பவர் பாதியைப் போட வேண்டும். சண்டை வேண்டாம்’ என்று ஒரு தாள் இருக்கிறது. கடைசி வாக்கியம் மனைவி சேர்த்தது.

பெரிய தொடர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டோம். தொடரலாமா, புதிதாக ஆரம்பிக்கலாமா?

பெரும்பாலும் இந்தக் கேள்வி ‘க்ளூம்ஹேவன்’ பற்றித்தான் வரும். 2017இல் வந்தது, பத்து கிலோவை நெருங்கும் பெட்டி, 95 அத்தியாயம். நாங்கள் பதினொன்றில் நின்றோம். ஒரு வருடம் கழித்து எடுத்தபோது யார் எதற்காக எந்தக் குகைக்குள் போனோம் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கதைக்காக ஆடுகிறீர்கள் என்றால் தொடருங்கள். முடித்த அத்தியாயங்களில் சுலபமான ஒன்றை மறுபடி ஆடினால் கை பழகிவிடும். விரிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதுதான் பிரச்சினை என்றால் ஆளை மாற்றியோ நாளை மாற்றியோ பயனில்லை. 2020இல் வந்த ‘ஜாஸ் ஆஃப் தி லயன்’ அதன் தம்பி: 25 அத்தியாயம், வரைபடம் புத்தகத்திலேயே அச்சாகியிருப்பதால் புத்தகத்தை விரித்து அதன் மேலேயே ஆடலாம். நாங்கள் அதற்குத் தாவிவிட்டோம். பெரியது கட்டிலடியில் இருக்கிறது. வீடு மாறும்போது தூக்கப் போகிறவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடுவதற்கு ஆளே கிடைக்கவில்லை.

தனியாக ஆடும் முறையோடு வருபவை நிறைய. ‘விங்ஸ்பான்’ எடுத்துக்கொள்ளுங்கள்: 170 பறவைச் சீட்டு, எதிராளிக்குப் பதில் சின்னச் சீட்டுக்கட்டு ஒன்று ஆடும். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஆனால் வீட்டில் இருப்பவர்களை அவ்வளவு சீக்கிரம் கைவிடாதீர்கள். இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் பார்த்ததும் விலகும் மாமியார், ஆடு புலி ஆட்டத்துக்குக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோடுகளைச் சாக்பீஸால் மேசை மேலேயே போட்டோம், ஆட்டுக்கு ‘கார்கசோன்’ என்ற போர்டு கேமின் மரப்பொம்மைகள், புலிக்கு நான் கருவிழி தீட்டிய மூன்று போர்வீரர்கள். ஆடுகளை வைத்துக்கொண்டு என் புலிகளைப் பத்தே நிமிடத்தில் அசைய விடாமல் கட்டினார். அடுத்த மாதம் ‘அசுல்’ ஆட அவராகவே வந்தார்.

ஆடப்போவதில்லை என்று தெரிந்தவற்றை விற்றுவிடலாமா?

தாராளமாக. வண்ணம் தீட்டாத, பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே வெட்டாத பொம்மைகளுக்கு நல்ல விலை கிடைக்கும். பாதி தீட்டியவற்றுக்குக் கிடைக்காது. விற்கும் முன் காய்களை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். நான் பழசாக வாங்கிய ஒரு பெட்டியில் பகடை இரண்டும் இல்லை, விற்றவர் போனையும் எடுக்கவில்லை. தாயக்கட்டையை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அதில் நாலே பக்கம்.

மறுபடியும் மேசை நிறைந்துவிட்டால்?

நிறையும். இதை எழுதும்போதே தாம்பாளத்துக்கு வெளியே இரண்டு பெயிண்டும் ஒரு கட்டரும் வந்துவிட்டன. ஞாயிறு நாலு மணிக்கு மூன்று பேர் வருகிறார்கள், அதற்குள் எடுத்தாக வேண்டும்.